நான்கு நாள்கூடத் தாங்காத கேபிள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பழைய அனுபவம் ஒன்றை எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்ற யாரிடம் இப்படிக் கேட்டாலும் தாங்கள் கெட்டிக்காரத்தனமாகச் செய்த ஒன்றைத்தான் எடுத்து வைப்பார்கள். என்னிடமும் அப்படிச் சில இருக்கின்றன. ஆனால் உங்களுக்கு உதவக்கூடியது நான் இரண்டு முறை தவறாகப் பார்த்த ஒரு பழுதுதான் என்று தோன்றுகிறது. மூன்றாம் முறையும் அதை வழக்கம்போலச் சரிசெய்துவிட்டு பஸ் ஏறியிருந்தால், இன்று எதையும் எழுதும் மனநிலையில் நான் இருந்திருக்க மாட்டேன்.

தொண்ணூறுகளில் நான் வேலைக்கு வந்தபோது கம்ப்யூட்டர் சர்வீஸ் என்றால் பாதி நேரம் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவி எடுப்பதுதான். வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் கடை. வேலூரில் இருந்து ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் கம்பெனிகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். தோள்பையில் ஸ்க்ரூடிரைவரும் சீடிக்களும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். "இன்ஜினியர் எங்கம்மா, வரலையா?" என்று வாசலில் கேட்பார்கள். "நான்தான்" என்பேன். சில வருடங்களில் அந்தக் கேள்வி நின்றுவிட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு லினக்ஸ் மேல் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. கடையில் இருந்த பழைய லேப்டாப் ஒன்றில் போட்டுப் பார்த்து, இரவல் புத்தகம் வைத்துக் கற்றுக்கொண்டேன். வைரஸ் வராது, அடிக்கடி நின்றுபோகாது என்று பார்க்கிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆம்பூருக்கு வெளியே இருந்த ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அந்தப் பேச்சு எடுபட்டது. சுற்றியிருந்த தோல் தொழிற்சாலைகளின் தண்ணீர் எல்லாம் குழாயில் அங்கே வந்துசேரும். சுத்தம் செய்து வெளியே விடும் தண்ணீரின் அளவையும் தன்மையையும் கடைசி வாய்க்காலில் பொருத்திய ஒரு பதிவுப் பெட்டி மணிக்கொரு முறை குறித்துக்கொள்ளும். பெட்டியின் நினைவில் பத்து நாள் கணக்குதான் நிற்கும். அதற்குள் எடுத்துவிடாவிட்டால் பழையது அழிந்து புதியது ஏறிவிடும். பெட்டியிலிருந்து, தண்ணீரைச் சோதிக்கும் லேப் அறைக்கு ஒரு வயர் வரும். அதன் முனையில் யுஎஸ்பி கேபிள் ஒன்றைப் போட்டு லேப்டாப்பில் செருகி, தினமும் கணக்கை இழுத்து வைக்க வேண்டும். அந்த லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான். அங்கே அதை "எஸ்தர் மேடம் மெஷின்" என்றுதான் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை. அந்தப் பெருமைதான் பின்னால் என் கண்ணை மறைத்தது.

லேப்பில் வேலை பார்த்தவள் நஸீமா. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள், முப்பது வயது இருக்கும். அந்தச் சின்ன அறையில் அவள் ஒருத்திதான். காலையில் வந்தால் மாலை வரை தண்ணீர்ப் பாட்டில்களோடு உட்கார்ந்திருப்பாள். அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் எப்போதும் சாத்தியிருக்கும்; திறந்தால் பக்கத்தில் கழிவுநீர் வந்து விழும் சேகரிப்புத் தொட்டியின் நாற்றம் உள்ளே வரும் என்பதால் சாத்திவிட்டார்கள்.

முதல் போன் ஒரு நாள் காலை வந்தது. "மேடம், கேபிள் போட்டா மெஷின் கண்டுக்க மாட்டேங்குது" என்றாள் நஸீமா.

போய்ப் பார்த்தேன். லினக்ஸில் எதைச் செருகினாலும் உள்ளே பதிவேட்டில் ஒரு வரி விழும், உங்களுக்குத் தெரியும். வரி விழுந்திருந்தது. ஏதோ வந்திருக்கிறது, அதற்கு முகவரி கொடுத்தேன், அது ஏற்கவில்லை, பிழை எழுபத்தொன்று என்று நான்கு தடவை சொல்லிவிட்டு அதோடு கைவிட்டிருந்தது. வாசலில் ஒருவர் நிற்பது தெரிகிறது, பெயர் கேட்டால் பாதி வார்த்தையில் பேச்சு நின்றுபோகிறது என்பது மாதிரி. கேபிளை மாற்றினேன். உடனே பெயர் சொன்னது. பஜார் சரக்கு, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது போனும் அதே பழுதுக்குத்தான் வந்தது. நான் போட்டுவிட்டு வந்த புது கேபிள் பத்தே நாளில் போய்விட்டது.

இந்த முறை மேலாளர் தேவராஜும் லேப்புக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர், அவசரக்காரர். மாசுக் கட்டுப்பாட்டு ஆட்கள் எந்த நேரமும் வந்து கணக்கு கேட்பார்கள் என்ற கவலை அவருக்கு. "மேடம், இது லினக்ஸ் பிரச்சினைன்றாங்க. விண்டோஸ் போட்டா நிக்குமா?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று குத்திவிட்டது. லினக்ஸைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் இருப்பதுபோல, "டிரைவர் சாஃப்ட்வேர்ல சின்ன தகராறு சார். நான் எடுத்துட்டுப் போய் சரி பண்றேன்" என்றேன்.

லேப்டாப்பைப் பையில் வைக்கும்போது நஸீமா கேட்டாள். "மேடம், இந்த ரூம்ல இருக்கறதாலதான் இப்படி ஆவுதோ?"

"ரூமுக்கும் யுஎஸ்பிக்கும் இன்னாம்மா சம்பந்தம்?" என்று சிரித்தேன்.

எத்தனை வருடம் ஆனாலும் இந்தத் தொழிலில் நான் சொன்ன வார்த்தைகளில் திரும்ப எடுத்துக்கொள்ள ஆசைப்படுவது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். அவள் எனக்கு விடையைக் கையில் கொடுத்தாள். தினமும் எட்டு மணி நேரம் அந்த அறையில் இருப்பவள் அவள். நான் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவள்.

வேலூரில் கடையில் வைத்து லினக்ஸின் மையமான கர்னலைப் புதிதாகக் கட்டினேன். டிரைவரை மாற்றினேன். கேபிள் செருகும் போர்ட்டுக்கு மின்சாரம் குறையாமல் இருக்க ஏதேதோ அமைப்புகளைத் திருத்தினேன். இன்னொரு கேபிள் போட்டு இரவும் பகலும் ஓடவிட்டேன். ஒரு பிழைகூட இல்லை. பத்து நாளுக்கும் மேல் என் மேஜையில் ராஜா மாதிரி ஓடியது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். என் மேஜையில் அது ஓடிக்கொண்டிருந்த நாள்களில், வாய்க்காலில் இருந்த பெட்டி தன் பழைய கணக்கில் மூன்று நாளை அழித்துவிட்டிருந்தது. அந்த மூன்று நாளுக்கு என்னைத் தவிர வேறு யாரும் காரணமில்லை.

சரியாக நான்காம் நாள், ஒரு சனிக்கிழமை காலை, தேவராஜே போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "மேடம், திங்கக்கிழமை இன்ஸ்பெக்ஷன். கேபிள் மறுபடி போய்ட்டுது. பெரிய பேஜாரா கீதும்மா."

பத்தரை மணி வாக்கில் அங்கே இருந்தேன். பையில் உறை பிரிக்காத, நல்ல தரமான கேபிள் இரண்டு. போட்டால் ஓடும் என்று தெரியும். போட்டுவிட்டுக் கணக்கை இழுத்துக் கொடுத்துவிட்டால் திங்கட்கிழமை கழிந்துவிடும். அவசரம் இருக்கும்போது கை தானாக அந்தப் பக்கம்தான் போகும். உங்கள் கையும் போகும். தேவராஜ் வெளியே யாரையோ சத்தமாக விரட்டிக்கொண்டிருந்தார். நான் உறையைப் பிரிக்கப் போனேன்.

அப்போது நஸீமா ஒரு நோட்டை நகர்த்தி வைத்தாள். தண்ணீர் சோதனை எழுதும் நோட்டின் கடைசிப் பக்கம். ஒவ்வொரு கேபிளும் என்று போட்டது, என்று போனது என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். யாரும் கேட்காமலே எழுதியிருக்கிறாள்.

முதல் கேபிள் மாதக் கணக்கில் இருந்திருக்கிறது. அடுத்தது பத்து நாள். அதற்கடுத்தது நான்கு நாள்.

நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் தகராறு என்றால் நாள் குறைந்துகொண்டே வராது. மட்டமான கேபிள் என்றால் ஒன்று போல இன்னொன்று இருக்காது, கூடும் குறையும். இது ஒரே திசையில் ஓடுகிறது. ஏதோ ஒன்று நாளுக்கு நாள் அதிகமாகிறது. என் மேஜையில் அது இல்லை. இங்கே இருக்கிறது.

கேபிளை உருவி, ஜன்னலின் மங்கிய கண்ணாடி வழியே வந்த வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளையும் மஞ்சளுமாகப் பளபளக்க வேண்டிய முனை கறுத்திருந்தது. தூசி என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். மையைப் பூசிக் காயவைத்தது போல ஒட்டியிருந்தது. பையிலிருந்த புது கேபிளைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தேன். நான்கு நாளைக்கு முன் இரண்டும் ஒரே நிறம்தான்.

"நஸீமா, இங்க எதாவது கறுத்துப் போவுதா? வேற எதாவது?"

அவள் தன் வலது கையை நீட்டினாள். விரலில் வெள்ளி மோதிரம். கரி பிடித்த பாத்திரம் மாதிரி இருந்தது.

"வாரத்துக்கு ஒருக்கா பேஸ்ட் போட்டு தேய்ப்பேன் மேடம். இப்ப ரெண்டு நாளைக்கு ஒருக்கா. உடம்பு சூடு ஜாஸ்தியாய்ட்டுச்சின்னு வீட்ல எங்க அம்மி வெந்தயத் தண்ணி குடுக்கறாங்க."

"தலைவலி எதாவது இருக்குதா?"

"அது ரெண்டு மாசமா. கண்ணு எரியுது, தலை வலிக்குது. பவர் ஏறிடுச்சோன்னு கண்ணாடி மாத்தினேன். மறுபடியும் மாத்தினேன். வீட்டுக்குப் போனா சரியாய்டுது."

நான் கேபிளை மாற்றிக்கொண்டிருந்த அதே நாள்களில் அவள் கண்ணாடியை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். இருவருக்கும் பழுது ஒன்றுதான்.

எனக்கு ரசாயனம் தெரியாது. அவளுக்குத் தெரியும். கறுத்த முனையையும் மோதிரத்தையும் மாறி மாறிப் பார்த்தவளின் முகம் மாறியது. எழுந்து அலமாரியின் மேல்தட்டில் இருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள்.

"லெட் அசிடேட், மேடம். காலேஜ்ல சால்ட் அனாலிசிஸ் பண்ணும்போது செய்வோம். எச்-டூ-எஸ் இருந்தா பேப்பர் கறுத்துடும்."

தோலில் இருந்து மயிரை நீக்கப் போடும் சல்ஃபைடு கலந்த தண்ணீர் தேங்கி அழுகினால் வருகிற வாயு அது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வடிதாள் ஒன்றை அந்தப் பாட்டில் திரவத்தில் நனைத்து, மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, பாட்டில் கழுவும் சிங்க்கின் ஓட்டைக்கு மேலே இடுக்கியால் பிடித்தாள். நான் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். ஏழு எண்ணுவதற்குள் காகிதத்தின் நடுவில் பழுப்பு நிறம் பரவி, அது கறுப்பாகி விளிம்புக்கு ஓடியது.

"இந்தக் குழாய் எங்க போவுது?"

"சேகரிப்புத் தொட்டிக்கு" என்றாள். பிறகு, "மேடம், இந்த ரூம்ல நாத்தமே இல்லியே" என்றாள் மெதுவாக.

எனக்கும் எந்த நாற்றமும் தெரியவில்லை. வந்தபோது அடித்தது. அரை மணி நேரத்தில் மூக்கு மரத்துவிட்டது. நாள் முழுக்க அங்கே இருப்பவர்களுக்கு எப்போதோ மரத்துப் போயிருக்கும்.

அவள் போய் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். அப்போதுதான் வெளியே நடப்பதைப் பார்த்தோம்.

சேகரிப்புத் தொட்டியின் இரும்பு மூடி நகர்த்தப்பட்டிருந்தது. பக்கத்தில் மூன்று பேர். மண்வெட்டி, வாளி, ஒரு நீளமான கயிறு. பம்ப் ஆபரேட்டர் முனுசாமி சட்டையைக் கழற்றி மடித்துக் கைப்பிடிச் சுவரில் வைத்துக்கொண்டிருந்தார். திமிரி ஊர்ப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது. திங்கட்கிழமை ஆட்கள் வருகிறார்கள் என்று தொட்டி அடியில் சேர்ந்த சேற்றை அள்ளச் சொல்லியிருக்கிறார் தேவராஜ். தொட்டிக்குக் காற்றடிக்கும் இரண்டு ப்ளோயரில் ஒன்று நின்றுபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காற்று போகாமல் சேறு அடியில் அழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் மூச்சுதான் குழாய் வழியாக லேப்புக்கு ஏறி வந்திருக்கிறது.

ஒரு நிமிடம் நான் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், தயங்கித்தான் நின்றேன். நான் கம்ப்யூட்டர் பார்க்க வந்தவள். இரண்டு முறை தப்பாகச் சொன்னவள். தொட்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தவறாகப் போனால் கேபிளையும் டிரைவரையும் விட்டுவிட்டு இப்போது காற்றின் மேல் பழி போடுகிறாள் என்று சிரிப்பார்கள். இதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் மனதில் ஓடியது. அந்த ஒரு நிமிடத்தில் முனுசாமி ஏணியில் கால் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

நஸீமா தயங்கவில்லை. கறுத்த காகிதத்தை இடுக்கியோடு பிடித்துக்கொண்டு ஓடினாள். "முனுசாமி அண்ணே! எறங்காதீங்க! எறங்காதீங்கண்ணே!" அவள் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் முறை. நானும் பின்னால் ஓடினேன்.

முனுசாமி ஏணியின் மேல்முனையைப் பிடித்தபடி திரும்பினார். "இன்னாம்மா ஆச்சு?"

"தொட்டில கேஸ் கீதுண்ணே. ஜாஸ்தி கீது."

அவர் சிரித்தார். "அதுக்குத்தான் மூடியத் தொறந்து அரை மணி நேரம் காத்தாட விட்டேன். முன்னல்லாம் கிட்ட வர முடியாது. இப்ப பாரு, நாத்தமே கம்மியாய்டுச்சு."

"நாத்தம் கம்மியானதுதாங்க பயம்" என்றேன். "லேப்புலயும் எங்களுக்கு நாத்தம் தெரியல. ஆனா பேப்பர் கறுத்துப் போச்சு."

"பதினஞ்சு வருஷமா எறங்கறேன் மேடம். எனக்கு இந்தத் தொட்டியத் தெரியாதா?" அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. கூட இருந்த இருவரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் இறங்கினால் அவர்களும் இறங்குவார்கள்.

சத்தம் கேட்டு தேவராஜ் வந்தார். "என்ன கூட்டம் இங்க? மேடம், நீங்க கம்ப்யூட்டர் பாக்கத்தான வந்தீங்க?"

"ஆமா சார். அதான் பாத்தேன்." கறுத்த கேபிள் முனையையும் புதிய முனையையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். "நாலு நாள் முன்னாடி ரெண்டும் இதே மாதிரி இருந்துச்சு. நான் டிரைவர்னு சொன்னது தப்பு. லினக்ஸ் மேலயும் தப்பில்ல. உங்க லேப் காத்து இந்த உலோகத்த தின்னுது. அந்தக் காத்து இந்தத் தொட்டியில இருந்து வருது."

அவர் கையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது. "ஒரு கேபிள் கறுத்ததுக்கு வேலைய நிறுத்த முடியுமா மேடம்?"

"நிறுத்த வேணாம் சார். அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றாள் நஸீமா.

புதிய வடிதாள் ஒன்றை நனைத்து நூலில் கட்டி, கனத்துக்கு ஒரு நட்டையும் சேர்த்துக் கட்டினாள். வெள்ளை வெளேரென்று இருந்த அதை எல்லோருக்கும் காட்டினாள். பிறகு கையை நீட்டி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மூடியின் ஓரத்தில் நின்று மெதுவாக இறக்கினாள். ஒரு ஆள் உயரம் இறங்கியிருக்கும். தூக்கினாள்.

வெள்ளையே இல்லை. கருப்பு என்றால் அப்படி ஒரு கருப்பு. காகிதத்தின் ஓரத்தில் உலோகம் மாதிரி ஒரு மினுமினுப்பு வேறு.

முனுசாமி ஏணியில் இருந்து கையை எடுத்தார். எடுத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

தேவராஜ்தான் முதலில் வாய் திறந்தார். அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை. கேள்வி கேட்கவில்லை, யார் மேலும் பாயவில்லை. "எல்லாரும் வாசல்கிட்ட போங்க. காத்து வர்ற பக்கமா நில்லுங்க. யாரும் தொட்டிகிட்ட வரக்கூடாது. லேப்பப் பூட்டுங்க" என்றார். பிறகு போனை எடுத்து, ராணிப்பேட்டைப் பக்கம் இருந்த பெரிய நிலையம் ஒன்றுக்குப் பேசி, வாயு அளக்கும் கருவியும் மூச்சுக் கவசமும் இரவல் கேட்டார்.

கருவி மதியம் ஒரு மணிக்கு மேல் வந்தது. கொண்டுவந்தவர் அதைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் விட்டார். பாதி தூரம்கூடப் போகவில்லை, அலற ஆரம்பித்துவிட்டது. அவர் சட்டென்று மேலே இழுத்து எண்ணைப் பார்த்தார். "மேலயே இப்படி இருக்குது. சேத்தக் கிளறியிருந்தா எவ்ளோ வந்திருக்கும்னு சொல்ல முடியாது. எறங்குனவன் கத்தக்கூட மாட்டான் சார். ரெண்டாவது ஆளு அவனத் தூக்க எறங்குவான். அப்புறம் மூணாவது ஆளு" என்றார்.

மூன்று பேரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முனுசாமி மடித்து வைத்த சட்டையைப் போய் எடுத்துப் போட்டுக்கொண்டு, பொத்தான் எல்லாம் ஒழுங்காக மாட்டியபின் எங்கள் இருவரிடமும் வந்தார். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. "இத எங்க ஊர்ப்பக்கம் யார்கிட்டயும் சொல்லாதீங்க மேடம். என் பொண்டாட்டி காதுக்குப் போச்சுன்னா நாளைக்கு வேலைக்கு வுடமாட்டா" என்றார். நஸீமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் அவளுக்கு ஒரு டீ வாங்கிவரச் சொல்லி ஆளை அனுப்பினார்.

அன்று என் வேலை இன்னும் பாக்கி இருந்தது. லேப்பைப் பூட்டியாகிவிட்டதால், லேப்டாப்பையும் புது கேபிளையும் தூக்கிக்கொண்டு கடைசி வாய்க்காலில் பெட்டி இருக்கும் இடத்துக்கே போனேன். நஸீமா குடை பிடித்தாள். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. செருகினேன். ஒரே தடவையில் பெயர் சொன்னது. பெட்டியில் இருந்ததெல்லாம் வந்துவிட்டது. நடுவில் நான் தொலைத்த மூன்று நாள் மட்டும் இல்லை.

தேவராஜ் அந்த இடைவெளியைப் பார்த்தார். "முன்ன பின்ன இருக்கறத வெச்சி சுமாரா..." என்று ஆரம்பித்தார். நான் பேசுவதற்குள் அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "வேணாம். இன்னிக்கு ஒரு நாளைக்குப் பட்டது போதும்."

அந்த மூன்று நாள் ஏன் இல்லை என்பதை நானே ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். லேப்டாப்பை நான் எடுத்துப் போனேன், பழுதைத் தவறாகக் கணித்தேன், என்று. எழுதும்போது கை கூசியது. எழுதி முடித்ததும் மனம் லேசாகிவிட்டது.

திங்கட்கிழமை வந்த அதிகாரியிடம் தேவராஜ் கடிதத்தையும் கறுத்த காகிதத்தையும் சேர்த்தே வைத்தார். நானும் இருந்தேன். அதிகாரி நிதானமாகப் படித்தார். காணாமல் போன மூன்று நாளைப் பற்றி இரண்டே கேள்வி கேட்டார். ப்ளோயரைப் பற்றி அரை மணி நேரம் கேட்டார். அது சரியாகிற வரை புதிதாக வரும் தண்ணீரைக் குறைக்கும்படியும், கருவி வைத்து அளக்காமல் யாரையும் இறக்கக்கூடாது என்றும் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போனார். நிலையத்தை மூடச் சொல்லவில்லை. ப்ளோயர் அந்த வாரமே ஓடியது. சில நாள் காற்றடித்து, அளந்து பார்த்து, மூச்சுக் கவசம் மாட்டிய ஆட்கள் இறங்கிச் சேற்றை அள்ளினார்கள். மேலே நின்று கயிற்றைப் பிடித்தவர் முனுசாமி. ஒவ்வொருவராக மேலே வரும்போது எண்ணிக்கொண்டே இருந்தாராம்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. பழுது திரும்பி வந்தால் முதல் முறை சொன்ன காரணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் மேஜையில் ஓடுகிறது, அங்கே ஓடவில்லை என்றால், அங்கே என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அந்த மெஷின் முன்னால் தினமும் உட்காருகிறவர் ஏதாவது சொன்னால், அது எவ்வளவு அசட்டுத்தனமாகத் தெரிந்தாலும், பையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். பிழை எழுபத்தொன்று என்றால் கேபிளைப் பார் என்று எந்தக் கையேட்டிலும் இருக்கிறது. நானும் பார்த்தேன். கழற்றினேன், மாற்றினேன், தூக்கிப் போட்டேன். கையில் வைத்து வெளிச்சத்தில் மட்டும் பார்க்கவில்லை.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். திங்கட்கிழமை மாலை என் சர்வீஸ் தாளை நிரப்ப வேண்டியிருந்தது. என்ன பழுது, என்ன செய்தீர்கள், இப்போதைய நிலை என்ன என்று மூன்று கட்டங்கள். முதல் இரண்டையும் நிரப்பினேன். மூன்றாவதில், "லேப்டாப் நன்றாக இருக்கிறது. அறை ஆள் இருக்கத் தகுந்ததாக இல்லை" என்று எழுதி தேவராஜிடம் நீட்டினேன்.

அவர் படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தபடி யோசித்தார். "கடைசி வரி வேணுமா மேடம்? இது ஃபைல்ல போவும்."

"வேணும் சார்."

நஸீமா ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். அவள் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே தன் கையால், "லேப் முன்புற அறைக்கு மாற்றப்படும்" என்று எழுதி, அதன் கீழும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

முன்புற அறை அதுவரை அவருடைய அறை. பெரிய ஜன்னல் இரண்டு, சாலைப் பக்கக் காற்று. அடுத்த வாரம் மேஜை, பாட்டில்கள், அலமாரி எல்லாம் அங்கே போயின. அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் பக்கம் போனார். பதிவுப் பெட்டியில் இருந்து புதிதாக ஒரு வயர் இழுத்து, நான் கொண்டுபோன இரண்டு நல்ல கேபிள்களில் மீதி இருந்ததைப் போட்டேன். அதன் பிறகு அந்த நிலையத்துக்குப் பல வருடம் போய்வந்தேன். லேப்டாப்பின் பேட்டரி போனது, திரை போனது, கடைசியில் லேப்டாப்பே போய் வேறு வந்தது. அந்தக் கேபிளை மட்டும் நான் மாற்றவே இல்லை.